அடித்துவிடப் போட்ட பெயர்

அந்தப் பெண்கள் கல்லூரியின் வாட்ச்மேன் தம் வாழ்நாளில் எத்தனையோ ஆண்களைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருப்பார். சைக்கிளில் சும்மா வந்தவர்கள், அத்தை மகன் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள், கையில் டிபன் கேரியரோடு வந்த அசல் அத்தை மகன்கள். ஆனால் காக்கி அரை நிஜாரும், தோளில் துண்டும், துண்டின் மேல் இரும்புக் கொக்கியுமாகப் பதினெட்டுப் பேர் ஒரே பஸ்ஸிலிருந்து இறங்கி வருவதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தார். பதினெட்டுப் பேருக்கும் புருவம் மஞ்சளாக இருந்தது. காலை ஷிப்டில் கந்தகக் கப்பல்.

"யார் வேணும்?" என்று கேட்டார். கேட்கும்போதே கை விசிலைத் தேடியது.

"பிரின்சிபாலு அம்மாதான். நம்ம பொண்ணுக்கு சீட்டு விசயமா பேசணும்," என்றார் ஏழுமலை மேஸ்திரி. துறைமுகத்தில் என் நைனா மூட்டை தூக்கிய கேங்குக்கு அவர்தான் தலைவர்.

"பொண்ணோட அப்பா யாரு?"

மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். மற்ற பதினேழு பேரும் ஓர் அடி முன்னால் வந்தார்கள்.

"இன்னா கேள்வி இது? எல்லாரும்தான்."

வாட்ச்மேன் அதற்குமேல் விசாரிக்கவில்லை. கொக்கியோடு உள்ளே விட மாட்டேன் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். அதனால் குரோட்டன்ஸ் தொட்டிகளுக்குப் பக்கத்தில், அவருடைய ஸ்டூலின் காலடியில், பதினெட்டுக் கொக்கிகள் குவிந்தன. அந்தக் குவியலுக்கு நாலடி தள்ளி, இஸ்திரி போட்ட தாவணியும் கையில் ஒரு போஸ்ட் கார்டுமாக, இவர்களை எனக்குத் தெரியவே தெரியாது என்கிற முகத்தோடு நின்றிருந்தவள் நான்.

கார்டில் இருந்தது ஒரே வரி. 'பெற்றோருடன் நேரில் வரவும்.' பெற்றோர் என்றால் எத்தனை பேர் என்று அவர்கள் குறிப்பிடவில்லை.

உப்புக் கிடங்கில் ஒரு வருஷம்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அறுபதுகளில் பள்ளிக்கூடம் பதினோரு வருஷம். அதன்பின் பி.யூ.சி. என்று ஒரு வருஷம். அதைத் தாண்டினால் மூன்று வருஷப் பட்டப்படிப்பு. எங்கள் ராயபுரத்துப் பக்கம் பி.யூ.சி.யை மட்டும் நடத்திய ஒரு கல்லூரி இருந்தது. அதாவது, கல்லூரி என்று போர்டு இருந்தது.

முன்பு அது உப்புக் கிடங்கு. உப்பு வியாபாரி காலி செய்துவிட்டார், உப்பு காலி செய்யவில்லை. மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும், கரும்பலகை வியர்க்கும். லெக்சரர் எழுதிய சமன்பாடு அவர் கண்ணெதிரிலேயே வழிந்து தரைக்கு வரும். கெமிஸ்ட்ரி லேபில், கொடுத்த பொடி என்ன உப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். எந்தக் குழாயில் எதைப் போட்டாலும் கடைசியில் சோடியம் குளோரைடுதான் வந்தது. அதற்கே மார்க்கும் கொடுத்தார்கள்.

வருஷம் முடிந்ததும் கையில் டி.சி.யையும் நன்னடத்தைச் சான்றிதழையும் கொடுத்து, போய் வா என்று அனுப்பிவிடுவார்கள். மேலே படிக்க வேண்டுமென்றால் ஊரின் மறுகோடியில் இருந்த பெரிய கல்லூரிகளின் வாசலில் போய் நிற்க வேண்டும். அங்கே, தங்களிடமே பி.யூ.சி. படித்த பெண்களுக்குத்தான் முதல் மரியாதை. மிச்சம் மீதி இருந்தால் வெளியாருக்கு. வெளியாரிலும் எங்கள் டி.சி.யைப் பார்த்ததும் குமாஸ்தாக்கள் முகத்தில் ஒரு கருணை வரும். அந்தக் கருணையைப் பார்த்தவர்கள் இரண்டாவது கல்லூரிக்குப் போவதில்லை.

எங்கள் வகுப்பில் பெண்கள் ஒன்பது பேர். மற்றவர்கள் கல்யாணம், டைப்ரைட்டிங், சும்மா என்று மூன்று பாடங்களில் சேர்ந்துவிட்டார்கள். நான் மட்டும் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தே தீருவேன் என்று ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தேன். ஒரு வாரம் என்பது என் கணக்கு. அம்மா அதை இரண்டு வேளை என்பாள்.

கிண்டலைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த சீட் வேண்டும். மணலியிலும் எண்ணூரிலும் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த சமயம். அவற்றின் லேபில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற பெண்ணாக நான் ஆக வேண்டும். தெருவில் யாரும் அப்படி ஆனதில்லை. நான் ஆவேன் என்று நிஜமாகவே நம்பினேன். ஆகாவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து வைக்கக்கூட இல்லை.

போட்ட விண்ணப்பம் வெயிட்டிங் லிஸ்டில் நின்றது. பிறகு அந்தக் கார்டு வந்தது.

முனுசாமி சட்டம்

நைனா கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். அவருக்கு முகம் சரியில்லை.

"நேர்ல வரவும்னு போட்டுகீது. இன்னாத்துக்குன்னு போடல, பாத்தியா? மெமோலயும் இப்டிதான் போடுவான்."

"இது காலேஜி நைனா. நீயும் நானும் போனாப் போதும்."

"முனுசாமியும் அப்டிதான் நெனச்சான்."

முனுசாமியை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்னால் கேங்கில் இருந்தவர். தங்கை கல்யாணத்துக்கு லீவு கேட்கத் துறைமுக ஆபீசுக்குள் ஒண்டியாகப் போனாராம். வெளியே வரும்போது கையில் சஸ்பென்ஷன் மெமோ. உள்ளே என்ன பேசினார், எதற்காக மெமோ என்று அவருக்கே கடைசிவரை விளங்கவில்லை. அன்றிலிருந்து கேங்கில் ஒரு சட்டம்: ஒருத்தனைக் கூப்பிட்டால் எல்லாரும் போக வேண்டும்.

சட்டம் துறைமுகத்தோடு நின்றிருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ரேஷன் ஆபீசுக்குப் பதினெட்டுப் பேர். பல் பிடுங்கப் பதினெட்டுப் பேர். டாக்டர் தவறான பல்லைப் பிடுங்கியதற்கு அதுவே காரணம் என்று ஒரு பேச்சு உண்டு. நைனா பெண் பார்க்கப் போனபோதும் கேங்கே போயிருக்கிறது. திருவொற்றியூரில் என் தாத்தா ஜன்னல் வழியாகக் கூட்டத்தைப் பார்த்துக் கலவரம் என்று கதவைச் சாத்தினாராம். விஷயம் தெரிந்ததும், காபி வருவதற்கு முன்பே சம்மதம் சொல்லிவிட்டார். "என்னை யாரும் இன்னான்னே கேக்கல," என்று அம்மா அதைப் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆகவே கல்லூரிக்கும் கேங்தான் போகும் என்று முடிவானது. நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நைனா பக்கத்து வீட்டில் சொன்னார்.

நடுவில் கீறது

அன்று சாயங்காலம் ஏழுமலை மேஸ்திரி எங்கள் வீட்டுக்கு வந்து முக்காலியில் குந்தினார். காது மடலில் ஒரு பீடி. நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தை என்றால் துறைமுகத்தில் அவருக்குப் பெரிய பெயர். ஒரு தடவை ரெயின்கோட்டு, வேலை நேரத்தில் டீ, பூட்ஸ் என்று மூன்று கேட்டுப் போனார். பூட்ஸை விட்டுக்கொடுத்தார். ரெயின்கோட்டை ரொம்ப வருத்தத்தோடு விட்டுக்கொடுத்தார். தோற்றுப்போன முகத்தோடு டீயை வாங்கிக்கொண்டு வந்தார். அவருக்கு வேண்டியிருந்தது டீதான்.

"ஒரு சீட்டு வோணும்னு போயி நின்னா, இல்லன்னு ஒரே பேச்சுல முட்ச்சிருவாங்கோ," என்றார். "மூணு கேக்கணும். ரெண்ட உட்டுத் தரணும். நம்மளுது நடுவுல கீணும். மொதல்ல வெச்சா பிகு பண்ணுவாங்கோ, கட்சீல வெச்சா கண்ணே போவாது."

"மாமா, இது துறைமுகம் இல்ல. மார்க் பாத்துக் குடுப்பாங்க."

"குடுக்கட்டும். கூடப் போடுற பேருக்கும் மார்க்கு சீட்டு வெச்சிருவோம். உட்டுத் தர்றது நெஜமா கீணும் கண்ணு. அப்பதான் அத்த வெட்டசொல்லோ அவங்களுக்கு மனசு ஒரு மாதிரியா பூடும். அந்தப் பேஜார்ல நடுவுல கீறத்த குடுத்துருவாங்கோ."

மூன்றாவது இடத்துக்கு அவருடைய அண்ணன் மகள் நிர்மலாவின் பெயரைப் போட்டார். அவள் போன வருஷமே கல்யாணமாகி, மாத்தூரில் கைக்குழந்தையோடு இருந்தாள். முதல் இடத்துக்கு ஆள் வேண்டும். மார்க் உள்ள ஆள்.

"ஆக்னஸ்," என்றேன். நானேதான் சொன்னேன்.

ஆக்னஸ் அடுத்த தெரு. உப்புக் கிடங்கின் ஒன்பது பெண்களில் ஒருத்தி. அவளுடைய அப்பா மீன் பிடிக்கப் போன கட்டுமரம் மட்டும் ஒருநாள் கரைக்கு வந்தது. அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையில் விற்றார். கீழே இரண்டு தம்பிகள். எல்லாருக்கும் சோடியம் குளோரைடு வந்த லேபில், அவளுக்கு மட்டும் கொடுத்த உப்பே வந்தது. கெமிஸ்ட்ரியில் அவள்தான் முதல். ஆனால் எந்தக் கல்லூரிக்கும் விண்ணப்பம் போடவில்லை. போடச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. நானும் கேட்கவில்லை.

நான் போனபோது அவள் வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"உன் மார்க் ஷீட்ட குடுடி. கெஜட்டட் ஆபீசர்கிட்ட என்னோடதுக்குக் கையெழுத்து வாங்கப் போறேன். உன்னோடதுக்கும் வாங்கி வெக்கிறேன்."

"எனக்கு இன்னாத்துக்கு அது?"

"இருக்கட்டும். எதுக்காச்சும் ஒதவும்."

எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தாவணியில் துடைத்து, வாசனை போயிற்றா என்று முகர்ந்து பார்த்துவிட்டு, தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "நீ எம்மேல எவ்ளோ அக்கறயா கீற," என்றாள். பொய் சொன்னது உறுத்தியதா என்று கேட்டால், இல்லை. எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

யூனியன் ஆபீசில் கொடுத்துப் பட்டியலை டைப் அடித்தார்கள். தலைப்பு: கோரிக்கைகள். கீழே ஒன்று, இரண்டு, மூன்று. அடியில் 'இவண்' என்று போட்டுப் பதினெட்டுப் பேரின் கையெழுத்தும் பெருவிரலும். அம்மா கோயிலுக்குக் கிளம்பியபோது, அந்தோணியாரிடமும் மூன்றாகவே கேட்கும்படி மேஸ்திரி சொல்லியனுப்பினார்.

எலுமிச்சம்பழச் சாறு

கேட்டில் நடந்த கலாட்டா பிரின்சிபால் காதுக்குப் போய், "ஐந்து பேர் மட்டும் உள்ளே வரலாம்" என்று பதில் வந்தது. மேஸ்திரிக்கு மார்பு விரிந்துவிட்டது. துறைமுக நிர்வாகமும் ஐந்து பேரைத்தான் கூப்பிடும்.

பிரின்சிபால் ஒரு கன்னியாஸ்திரி. எல்லாரும் மதர் என்றார்கள். ஒல்லியான உடம்பு, கனத்த கண்ணாடி. அந்த வரவேற்பறையின் சிவப்புத் தரையில் நம் முகம் தெரியும். அதன்மேல் ஐந்து ஜோடி வெறுங்கால்கள் கந்தக மஞ்சளில் தடம் பதித்துக்கொண்டு போயின. பின்னாலேயே நான், தடத்தை மிதித்து அழிக்கப் பார்த்துக்கொண்டே போனேன்.

"உட்காருங்க," என்றார் மதர்.

யாரும் உட்காரவில்லை. பேச்சுவார்த்தையில் உட்கார்ந்தால் டீ வரும், டீயைக் குடித்தால் கை நனைத்த மாதிரி ஆகிவிடும், பிறகு குரல் எழும்பாது என்பது மேஸ்திரியின் கொள்கை. டீக்குப் பதில் எலுமிச்சம்பழச் சாறு வந்தது. அதையும் யாரும் தொடவில்லை. காலையிலிருந்து கந்தகம் தூக்கிய நைனா அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதர் பட்டியலைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். நான் தரையில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேன்.

"மூன்று கேட்டிருக்கீங்க. என்கிட்ட இருக்கிறது ஒரே இடம். சேர்ந்த ஒரு பொண்ணு கல்யாணம்னு விலகிட்டா. அதுக்குத்தான் வெயிட்டிங் லிஸ்டிலிருந்து ஆறு பேரை வரச் சொன்னேன்."

மேஸ்திரி நெற்றியைச் சுருக்கி, ரொம்பக் கஷ்டப்படுகிறவர் மாதிரி மூச்சு விட்டார். ரெயின்கோட்டை விட்டுக்கொடுத்ததும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"மதரே சொல்றீங்கோ. ரெண்ட உட்டுர்றோம். ஒண்ணு குடுங்கோ, போதும்."

"எந்த ஒண்ணு?"

"நீங்களே பாத்து..." என்று சொல்லி, நடுவில் இருந்த பெயரின் மேல் விரலை வைத்தார்.

மதர் விரலைப் பார்க்கவில்லை. மார்க் ஷீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னுடையதைச் சீக்கிரம் பார்த்து முடித்தார். ஆக்னஸுடையது கையிலேயே இருந்தது.

"இந்தப் பொண்ணு கெமிஸ்ட்ரியில் இவ்வளவு வாங்கியிருக்காளே. விண்ணப்பம் போடவே இல்லையே, ஏன்? இவ அப்பா என்ன செய்றார்?"

"கடலுக்குப் போனாரு. வரல," என்றார் நைனா. கேள்வி கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிற வியாதி அவருக்கு. அவரை ஏன் ஐவரில் ஒருவராகச் சேர்த்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மதர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க யார்?"

"ரெண்டாவது பேரு கீதே, அந்தப் பொண்ணோட அப்பன்."

மதர் அவரை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்புறம் பேசியபோது அவர் குரல் மாறியிருந்தது.

"வந்த கூட்டத்தைப் பார்த்து நான் வேற மாதிரி நெனச்சேன். மன்னிக்கணும். தகப்பன் இல்லாத ஒரு பொண்ணுக்காகப் பதினெட்டுப் பேர் வந்திருக்கீங்க. சொந்த மகளை ரெண்டாவதா எழுதிட்டு, அவளை முதல்ல எழுதியிருக்கீங்க. என் சர்வீஸில் இப்படி ஒரு தகப்பனை நான் பார்த்ததில்லை. அந்த இடம் ஆக்னஸுக்குத்தான். பீஸும் கட்ட வேண்டாம். நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குள் வந்து சேரச் சொல்லுங்க."

மேஸ்திரி நடுப் பெயரின் மேலிருந்த விரலை எடுத்தார். அது வெட்டுவதற்குப் போட்ட பெயர் என்று எந்த நிர்வாகத்திடமும் சொல்ல முடியாது. சொன்னால் டீ முதல் எல்லாம் வெளியே வரும். நைனாவோ, ஒரு கன்னியாஸ்திரி தன்னிடம் மன்னிப்புக் கேட்ட அதிர்ச்சியில் கும்பிட்டபடி நின்றிருந்தார்.

"நீதான் பிலோமினாவா?" என்றார் மதர் என்னிடம்.

"ஆமா மதர். ரெண்டாவது பேர்."

"உங்க அப்பா உன்னை நல்லா வளர்த்திருக்கார்."

ஒரு கார்டை எடுத்து ஆக்னஸின் பெயரை எழுதி, என் கையிலேயே கொடுத்தார். இனிமேல் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் நைனா எலுமிச்சம்பழச் சாற்றை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். மற்ற நால்வரும் குடித்தார்கள். எனக்கு ஊற்றியிருந்ததையும் யாரோ குடித்துவிட்டார்கள்.

கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள்

பஸ்ஸில் ஆளுக்கொரு யோசனை. பிலோமினாவே ஆக்னஸ் என்று சொல்லிக்கொண்டு போய்ச் சேரட்டும் என்றார் ஒருவர். ஆக்னஸுக்கு இஷ்டமில்லை என்று நாளைக்கு ஒரு லெட்டர் கொடுத்தால் அடுத்த ஆள் நம் பொண்ணுதானே என்றார் இன்னொருவர். நான் அதைத்தான் நம்பிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கார்டைக் கடலில் போட்டால் என்ன என்றும் யோசித்தேன். இதை எழுதுவதற்கு இப்போது ஒன்றும் வெட்கமில்லை. அன்றைக்கும் வெட்கமாக இல்லை.

நைனாதான் கெடுத்தார்.

"மேஸ்திரி, நாம கேட்டோம், அவங்கோ குடுத்துட்டாங்கோ. கேட்டத்த வாங்கிக்காம வந்தா அடுத்த தபா நம்ம பேப்பர எவன் மதிப்பான்?"

இது முனுசாமி சட்டத்தைவிடப் பழைய சட்டம். கொடுத்த கோரிக்கையைத் திருப்பிக் கொடுத்த கேங் என்று பெயர் வாங்கினால் பிறகு துறைமுகத்தில் தலை காட்ட முடியாது. மேஸ்திரி என்னைப் பார்த்தார்.

"ஆமாப்பா," என்றார் கடைசியில். "வாங்கிதான் ஆவணும்."

பெற்ற மகளின் சீட்டைக் கேங்கின் கௌரவத்துக்காக விட்ட மனிதர் நைனா. நான் அவரோடு சரியாக முகம் கொடுத்துப் பேச இரண்டு மழைக்காலம் ஆயிற்று. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த இரண்டு வருஷமும் ஞாயிற்றுக்கிழமையானால் எனக்கென்று தனியாக ஒரு வஞ்சிரத் துண்டு வாங்கி வந்தார். நான் சாப்பிட்டேன். கோபம் வேறு, வஞ்சிரம் வேறு.

கூட்டம் நேராக ஆக்னஸ் வீட்டுக்குப் போனது. அவளுடைய அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பயந்துபோய் நின்றார். பதினெட்டுப் பேர் வந்தால் ஒரு சாவுச் சேதியாகத்தான் இருக்கும் என்று அந்த வீட்டுக்குப் பழக்கம். விஷயத்தைக் கேட்டதும், "பொண்ணு காலேஜிக்குப் போனா இந்தப் பசங்கள யாரு பாக்குறது?" என்றார். கேங் அங்கேயே ஒரு முடிவு போட்டது. தினம் ஒரு வீட்டில் பையன்களுக்குச் சோறு, தெருப்படி வரிசையாக. முதல் நாள் எங்கள் வீடு. அம்மாவை யாரும் கேட்கவில்லை, வழக்கம்போல.

ஆக்னஸ் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை, சிரிக்கவில்லை. மேஸ்திரியைத்தான் கேட்டாள்.

"எம்பேரு எப்டி மாமா வந்துச்சி? நான் மனுவே போடலியே."

பேச்சுவார்த்தைப் புலி தரையைப் பார்த்தது. அப்புறம் என்னைப் பார்த்தது. தெருவே என்னைப் பார்த்தது. ஆக்னஸைப் பற்றி எனக்குத் தெரியும். நிஜத்தைச் சொன்னால் கார்டைக் கிழித்து மீன் கூடையில் போட்டுவிட்டு இறால் உரிக்கப் போய்விடுவாள். நாளைக்குப் பன்னிரண்டு மணி தாண்டினால் இடம் வெயிட்டிங் லிஸ்டுக்கு வந்துவிடும். நிஜத்தைச் சொல்ல எனக்கு எல்லாக் காரணமும் இருந்தது.

"நான்தான் போடச் சொன்னேன்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷம் யோசித்துவிட்டேன். நல்ல மனசு என்று ஒரு பதில் வைத்திருந்தேன், அது எனக்கே ஒட்டவில்லை. காலையிலிருந்து என் கையை விட்டு எல்லாம் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் எனக்கென்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று தோன்றியது. எடுத்துக்கொள்ள அது ஒன்றுதான் கிடைத்தது.

ஆக்னஸ் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இறால் வாசனை. நைனா மட்டும் என்னைப் பார்த்து, மதரைப் பார்த்துக் கும்பிட்ட மாதிரியே கையைத் தூக்கினார். அதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பொன்னாடை

வெயிட்டிங் லிஸ்ட் அதற்குமேல் நகரவில்லை. அடுத்த வருஷம் விண்ணப்பம் போட்டேன், வரவில்லை. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, துறைமுகத்தில் ஒரு யூனியன் ஆபீசில் உட்கார்ந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் நான் டைப் அடித்ததெல்லாம் கோரிக்கைப் பட்டியல்கள். எந்த வரி நிஜம், எந்த வரி வெட்டுக்கு என்று பார்த்தவுடன் சொல்வேன். இந்தத் துறையில் எனக்கு டாக்டர் பட்டமே கொடுக்கலாம்.

ஆக்னஸ் முதல் வகுப்பில் தேறினாள். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் லேபில் சேர்ந்தாள். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். முதல் தடவை அந்தக் கோட்டோடு என் வீட்டுக்கு வந்து, "போட்டுப் பாரு பிலோமி," என்று கழற்றிக் கொடுத்தாள். போட்டுப் பார்த்தேன். தோளில் சரியாக இருந்தது, அதுதான் இன்னும் எரிந்தது.

அவளை நான் வெறுத்தேனா என்றால், ஆமாம், ஒரு மூன்று வருஷம் மும்முரமாக வெறுத்தேன். அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக்கோடு வருவாள். தன் பிள்ளைகளிடம், "இந்த ஆன்ட்டி இல்லன்னா நான் இல்ல," என்பாள். தம்பிகள் என் காலில் விழுந்து கும்பிடுவார்கள். நன்றியைப் போல மனுஷனைக் கொல்லுகிற சாமான் வேறு இல்லை. தனியாக ஆறு பேரில் ஒருத்தியாகப் போயிருந்தாலும் எனக்கு அந்த இடம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். அவள் மார்க் வேறு, என் மார்க் வேறு. இதை ஒப்புக்கொள்ள எனக்கு நைனாவின் சாவுவரை ஆயிற்று.

அவள் ரிட்டையரான அன்று தொழிற்சாலையில் ஒரு கூட்டம் வைத்தார்கள். பூமாலை, கடிகாரம், பாராட்டு எல்லாம் முடிந்ததும் அவள் மைக்கைப் பிடித்தாள். ராயபுரத்தில் ஒரு தோழி, கையில் வந்த சீட்டைத் தனக்கு விட்டுக்கொடுத்ததை, இருநூறு நாற்காலிகளுக்கு முன்னால் சொன்னாள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மேடைக்குக் கூப்பிட்டு, தனக்குப் போட்ட பொன்னாடையை எடுத்து என் தோளில் போட்டாள். ஒரு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள்.

"இதெல்லாம் பெரிய விஷயமா," என்று சொல்லிவிட்டுப் பொன்னாடையோடு இறங்கி வந்தேன்.

இன்று மேஸ்திரி இல்லை, நைனா இல்லை, அந்தப் பதினெட்டில் ஒருவரும் இல்லை. விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான். பேசாமல் நானும் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் பத்திரிகைக்காரர் வந்து வாழ்க்கையைத் தொடராக எழுதுங்கள் என்றார். ஆக்னஸ் வாரா வாரம் படிக்கிறாள். படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, எந்த இடத்தில் நான் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன் என்று சரியாகப் பிடிக்கிறாள். லேபில் இருந்தவள்.

ஆகவே இந்த வாரத்துக்கு அவளுக்கு வேலை வைக்கவில்லை. ஆக்னஸ், உன் பெயரை நீ படிக்க வேண்டுமென்று நான் போடச் சொல்லவில்லை. அடித்துவிடுவதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது, உன் பெயரைச் சொன்னேன். உன் மார்க் ஷீட்டைப் பொய் சொல்லித்தான் வாங்கினேன். நான் உனக்கு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. மதர் என்னை ஒரு வார்த்தை கேட்கவே இல்லை. கேட்டிருந்தால், கொடுத்திருக்க மாட்டேன்.